எலெக்ட்ரான் துப்பாக்கி வளர்ந்த வரலாறு

முடுக்கியைக் கொண்டு எக்ஸ் கதிர் உண்டாக்கும் எந்த ஒளி நிலையத்திலும் முதல் உறுப்பு எலெக்ட்ரான் துப்பாக்கி. உலோகத்துக்குள் கட்டுண்டு கிடக்கும் எலெக்ட்ரான்களை வெளியே இழுத்து, கற்றையாக்கி, முடுக்கிக்குள் செலுத்துவது அதன் வேலை. பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளின் படக்குழாயிலும் இதே பெயருள்ள உறுப்பு இதே வேலையைச் செய்தது. முடுக்கி கிலோமீட்டர் கணக்கில் நீளலாம். துப்பாக்கியோ ஒரு மேசைமேல் அடங்கிவிடும். அந்தச் சிறு உறுப்புக்காக முடுக்கி இயற்பியலாளர்கள் கால் நூற்றாண்டு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

நல்ல துப்பாக்கிக்கு அளவுகோல் ‘பொலிவு’. வெளிவரும் எலெக்ட்ரான்களின் எண்ணிக்கை மட்டும் அதைத் தீர்மானிப்பதில்லை. அவை எவ்வளவு சிறிய இடத்திலிருந்து வருகின்றன, எவ்வளவு ஒரே திசையில் செல்கின்றன என்பதும் கணக்கில் சேரும். இடப் பரவலையும் திசைப் பரவலையும் சேர்த்துச் சொல்லும் அளவுக்கு எமிட்டன்ஸ் என்று பெயர். எமிட்டன்ஸ் குறையக் குறையப் பொலிவு கூடும். லென்சு வைத்துக் கற்றையைச் சுருக்கினால் திசைப் பரவல் பெருகிவிடும். இரண்டையும் சேர்ந்தாற்போல் குறைக்க லியோவில் தேற்றம் இடம் தருவதில்லை. நேர்கோட்டு முடுக்கியில் கற்றை பிறந்தபோது இருந்த தரத்தைக் கெடுக்காமல் காப்பாற்றலாம், கூட்ட முடியாது.

முதல் துப்பாக்கிகள் வெப்பத்தை நம்பியவை. சூடான உலோகம் எலெக்ட்ரான்களை உமிழ்வதற்கான விதியை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓவன் ரிச்சர்ட்சன் வகுத்தார். 1928ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அதற்கே. ஜெர்மனியில் ஆர்தர் வேனெல்ட், ஆக்சைடு பூசிய எதிர்மின்வாய் குறைந்த வெப்பத்திலேயே நன்றாக உமிழ்வதைக் கண்டார். 1951இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் ஜேம்ஸ் லாஃபர்டி லாந்தனம் ஹெக்சாபோரைடை எதிர்மின்வாய்ப் பொருளாக அறிமுகப்படுத்தினார். ஸ்கெனெக்டடியிலிருந்த அதே நிறுவனத்தின் 70 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் சின்க்ரோட்ரானில்தான் 1947 ஏப்ரலில், வளைந்தோடும் எலெக்ட்ரான்கள் உமிழும் சின்க்ரோட்ரான் ஒளி முதன்முதலாகக் கண்ணுக்குத் தெரிந்திருந்தது.

அதன்பின், அந்த ஒளிக்காக எலெக்ட்ரான்களை நெடுநேரம் சுற்றவிடும் சேமிப்பு வளையங்கள் வந்தன. அவற்றில் துப்பாக்கியின் தரம் பெரிய கவலையாக இல்லை. வளையத்தில் சுற்றும் எலெக்ட்ரான் ஒளியாக ஆற்றலை இழக்கிறது. இழந்ததை ரேடியோ அலை அறை முன்னோக்கிய திசையில் மட்டும் ஈடுகட்டுகிறது. சுற்றுக்குச் சுற்று பக்கவாட்டு அலைச்சல் அடங்கி, சில மில்லி நொடிகளில் கற்றை தன் பிறப்பையே மறந்துவிடும். அதன் இறுதி எமிட்டன்ஸை நிர்ணயிப்பவை வளையத்தின் காந்தங்கள். இதனால்தான் இன்றும் பல வளைய நிலையங்களில் வெப்பத் துப்பாக்கியே நிம்மதியாக வேலை பார்க்கிறது.

எலெக்ட்ரான் கற்றையைக் காந்த வரிசை வழியே செலுத்தி லேசர் ஒளி உண்டாக்கும் கட்டற்ற எலெக்ட்ரான் லேசர் இந்த நிம்மதியைக் குலைத்தது. ஸ்டான்ஃபோர்டில் ஜான் மேடி 1971இல் அதன் கோட்பாட்டை வெளியிட்டார். 1977இல் அவரது குழு அகச்சிவப்பில் அதை இயக்கிக் காட்டியது. எக்ஸ் கதிருக்கு ஏற்ற ஆடிகள் அப்போது இல்லாததால், ஒளியை முன்னும் பின்னும் ஓடவிட்டு வளர்க்கும் முறை அங்கே உதவாது. கற்றை ஒரே முறை நீண்ட காந்த வரிசையைக் கடக்கும்போதே லேசர் வளர்ந்து முடிய வேண்டும். சோவியத் ஒன்றியத்தில் கொன்ட்ராடென்கோவும் சால்டினும் 1980இலும், பொனிஃபாச்சியோ, பெல்லெக்ரினி, நார்டூச்சி மூவரும் 1984இலும் அதற்கு வழி இருப்பதைக் காட்டினர். ஆனால் அணு அளவு அலைநீளத்துக்கு எமிட்டன்ஸ் ஒரு மைக்ரோமீட்டருக்கும் கீழே இறங்க வேண்டியிருந்தது. வளையத்தைப் போல மறதி நேர்கோட்டு முடுக்கிக்கு வாய்க்கவில்லை. பாரம் முழுவதும் துப்பாக்கியின் தலையில் விழுந்தது.

இதில் முதல் எதிரி எலெக்ட்ரான்களின் பரஸ்பர விலக்கம். வெளிவந்த கணத்தில் அவை மிக மெதுவாக நகர்வதால் ஒன்றையொன்று தள்ளிக் கற்றையைச் சிதறடிக்கின்றன. வேகம் ஒளியின் வேகத்தை நெருங்கியதும், கற்றையின் சொந்தக் காந்த விசை அந்தத் தள்ளுதலை ஏறக்குறைய ஈடுசெய்துவிடும். ஆக, தப்பிக்க ஒரே வழி பிறந்த உடனே அவற்றை வேகமேற்றுவது. நேர் மின்னழுத்தத்தை ஓரளவுக்கு மேல் கூட்டினால் தீப்பொறி பறக்கும். அதைவிடப் பல மடங்கு வலுவான புலத்தை நுண்ணலை அறை தாங்கும். எதிர்மின்வாயை அந்த அறைக்குள்ளேயே வைக்கலாம் என்ற எண்ணம் இப்படித்தான் எழுந்தது.

மேடியும் வெஸ்டென்ஸ்கோவும் 1980களின் நடுவில் சூடான எதிர்மின்வாயை நுண்ணலை அறைக்குள் வைத்துப் பார்த்தனர். சூட்டில் எலெக்ட்ரான்கள் இடைவிடாமல் வந்துகொண்டே இருக்கும். புலத்தின் திசை மாறும்போது சில திரும்பிவந்து எதிர்மின்வாயையே தாக்கும். அதே காலத்தில் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் ஜான் ஃப்ரேசர், ரிச்சர்ட் ஷெஃபீல்டு, எட்வர்ட் கிரே மூவரும் சூட்டைக் கைவிட்டு ஒளிமின் விளைவைப் பிடித்துக்கொண்டனர். சீசியம் ஆன்டிமனி பூச்சின் மீது லேசர் துடிப்பு விழும்; துடிப்பு நீடிக்கும் சில பத்து பிகோ நொடிகளுக்கு மட்டும் எலெக்ட்ரான் வெளிவரும். புலம் உச்சத்தை நெருங்கும் கணத்தில் லேசரைச் சொடுக்கிவிடலாம். ரீகன் அரசின் ‘நட்சத்திரப் போர்’ பாதுகாப்புத் திட்டத்தில் லேசர் ஆயுதத்துக்காக ஒதுக்கப்பட்ட பணம் இந்த ஆய்வுக்குக் கைகொடுத்தது. ஆயுதம் வரவில்லை, துப்பாக்கி மிஞ்சியது. அதே ஆயுத முயற்சியில் போயிங் நிறுவனம் கட்டிய துப்பாக்கி 1992இல் 32 மில்லி ஆம்பியர் சராசரி மின்னோட்டம் தந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின் கார்னெல் பல்கலைக்கழகத்தின் நேர்மின்னழுத்தத் துப்பாக்கிதான் அதை முந்தியது.

வலுவான புலம் மட்டும் போதவில்லை. எலெக்ட்ரான் கொத்தின் நடுப்பகுதியில் விலக்கம் அதிகம், முனைகளில் குறைவு. ஒவ்வொரு துண்டும் ஒவ்வோர் அளவில் விரிவதால், துண்டுகள் தனித்தனியே நல்ல தரத்துடன் இருந்தாலும் மொத்தக் கொத்து கெட்டுப்போனதாகத் தோன்றும். லாஸ் அலமாஸின் புரூஸ் கார்ல்ஸ்டன் 1989இல் இதற்கு ஓர் எளிய தீர்வு சொன்னார். துப்பாக்கியை ஒட்டி ஒரு காந்த வரிச்சுருளை வைத்துக் கற்றையைக் குவித்தால், கொத்தைக் கெடுத்த அதே விலக்கமே குவியும் வழியில் துண்டுகளை மீண்டும் ஒரே வரிசைக்குக் கொண்டுவரும். அவை ஒன்றுசேரும் இடத்தில் சட்டென்று முடுக்கிவிட்டால் அந்த ஒழுங்கு உறைந்துவிடும். விளைந்த கேட்டைத் திருப்பியெடுக்கலாம் என்ற இந்தக் கண்டுபிடிப்பே இவ்வரலாற்றின் உண்மையான திருப்பம். எதிர்மின்வாய்ப் பூச்சுகளுக்குக் கிடைத்த புகழில் பாதிகூட இதற்குக் கிடைக்கவில்லை.

கிளாடியோ பெல்லெக்ரினி 1992இல் ஸ்டான்ஃபோர்டின் பழைய நேர்கோட்டு முடுக்கியை எக்ஸ் கதிர் லேசராக மாற்றலாம் என முன்மொழிந்தார். அதற்கான துப்பாக்கியின் முன்னோடி புரூக்ஹேவன், ஸ்டான்ஃபோர்டு, லாஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் ஆகிய மூன்று இடங்களின் கூட்டுழைப்பில் உருவான 1.6 அறைத் துப்பாக்கி. எதிர்மின்வாய் வெறும் செம்பு. பல பத்தாயிரம் ஒளித்துகள் விழுந்தால் ஓர் எலெக்ட்ரான்தான் வரும். அதற்கும் புறஊதா லேசர் வேண்டும். ஆனால் செம்பு எளிதில் கெடாது. மீட்டருக்குச் சுமார் 12 கோடி வோல்ட் புலத்தில், 250 பிகோ கூலும், அதாவது ஏறத்தாழ 150 கோடி எலெக்ட்ரான்கள், அரை மைக்ரோமீட்டர் அளவு எமிட்டன்ஸோடு கிடைத்தன. 2009 ஏப்ரலில், எல்சிஎல்எஸ் எனப் பெயரிடப்பட்ட அந்த ஸ்டான்ஃபோர்டு நிலையம் 1.5 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் லேசராக ஒளிர்ந்தது.

ஜெர்மனியின் டெசி நிறுவனம் வேறு பாதையில் போனது. அதன் மீகடத்தி முடுக்கிக்கு நீண்ட துடிப்பும் ஏராளமான கொத்துகளும் தேவைப்பட்டதால், செம்பை விடப் பல நூறு மடங்கு திறனுள்ள சீசியம் டெலூரைடு பூச்சு தேர்வானது. பெர்லினை அடுத்த சாய்தனில் துப்பாக்கிகளைச் சோதிப்பதற்கென்றே ஓர் ஆய்வு நிலையம் அமைந்தது. அங்கே பண்பட்ட வடிவமே 2017இல் திறக்கப்பட்ட ஐரோப்பிய எக்ஸ் கதிர் லேசரின் நொடிக்கு 27,000 துடிப்புகளுக்கு அடித்தளம்.

ஒளித் துப்பாக்கியே இனி வழி என்று பெரும்பாலோர் தீர்மானித்துவிட்ட நேரத்தில் ஜப்பான் சம்மதிக்கவில்லை. ஹாரிமாவில் சின்டாகே சுமொருவின் குழு 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள சீரியம் ஹெக்சாபோரைடு ஒற்றைப் படிகத்தைச் சூடாக்கி, 5 லட்சம் வோல்ட் துடிப்பில் கற்றை எடுத்தது. கற்றையைக் கலைக்கும் கம்பி வலையைத் தவிர்த்து, நீண்ட துடிப்பிலிருந்து ஒரு நானோ நொடித் துண்டை மட்டும் வெட்டியெடுத்தனர். தொடக்க மின்னோட்டம் ஓர் ஆம்பியர்தான். படிப்படியாக அதைச் சுமார் 3,000 மடங்கு இறுக்கினர். 2011 ஜூனில் அங்குள்ள சாக்லா நிலையம் எக்ஸ் கதிர் லேசராக இயங்கியது. பழைய முறை தோற்றது அதன் இயல்பால் அன்று, கட்டிய விதத்தால்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

அடுத்த தடை வெப்பம். செம்பு நுண்ணலை அறையை இடைவிடாமல் இயக்கினால் அது தாங்காது. எல்சிஎல்எஸ் நொடிக்கு 120 துடிப்போடு நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். பெர்க்லி ஆய்வகத்தினர் அலைவெண்ணை 186 மெகாஹெர்ட்சுக்குக் குறைத்து, பெரிய அறை கட்டி, வெப்பத்தை அகன்ற சுவர்களில் பரவவிட்டனர். புலம் குறைந்தது, ஆனால் துப்பாக்கி ஓயாமல் இயங்கியது. 2023 செப்டம்பரில் முதல் ஒளி தந்த எல்சிஎல்எஸ்-2, நொடிக்குப் பத்து லட்சம் துடிப்புகளை நோக்கிச் செல்வது இத்தகைய துப்பாக்கியால்தான்.

துப்பாக்கியையே மீகடத்தியாக்கும் யோசனை 1980களின் இறுதியில் வுப்பெர்டால் பல்கலைக்கழகத்தில் தோன்றியது. ட்ரெஸ்டனை அடுத்த ரோசன்டார்ஃபில் அத்தகைய துப்பாக்கி பல ஆண்டுகளாக இயங்கிவருகிறது. அங்குள்ள சிக்கல் வேறு வகையானது: அறைக்குப் பரிசுத்தமான நியோபியச் சுவர் வேண்டும், எதிர்மின்வாய்க்கோ எளிதில் உதிரும் பூச்சு வேண்டும். உதிர்ந்த துகள் ஒன்று சுவரில் ஒட்டினாலும் புலம் சரியலாம். ரோசன்டார்ஃபில் மெக்னீசிய எதிர்மின்வாயையும் பயன்படுத்தியதற்கு இந்த அச்சமும் ஒரு காரணம்.