கேம் மெஷினும் டிக்கெட் மெஷினும்.. பார்க்க ஒண்ணு, வேலை வேற! எப்படி?

மாலில் இருக்கும் வீடியோ கேம் மெஷின், ரயில் நிலையத்தில் இருக்கும் தானியங்கி டிக்கெட் மெஷின். இரண்டும் ஆளுயரப் பெட்டி, முன்னால் ஒரு திரை. நின்னுக்கிட்டே இயக்கணும், சொல்லித்தர ஆள் கிடையாது. அப்போ என்ன வித்தியாசம்?

காசு போட்டு ஆடும் வீடியோ கேம்களில் முதலில் விற்பனைக்கு வந்தது, 1971-ல் அமெரிக்காவில் அறிமுகமான 'கம்ப்யூட்டர் ஸ்பேஸ்'. மதுக்கடைகளில் அது எடுபடலை. எப்படி ஆடுறதுன்னு படிச்சுப் புரிஞ்சுக்க அங்கே வந்தவங்களுக்குப் பொறுமை இல்லை. அடுத்த ஆண்டே அட்டாரி நிறுவனத்தின் 'பாங்' வந்தது. குமிழைத் திருப்பி பந்தை அடிக்கணும், அவ்வளவுதான். கலிபோர்னியாவின் சன்னிவேல் நகரில் ஒரு மதுக்கடையில் சோதனைக்கு வைத்த மெஷின் கொஞ்ச நாளில் வேலை செய்யாமல் நின்றது. திறந்து பார்த்தால், காசு நிரம்பி அடைத்திருந்தது!

படிக்காமலே புரியணும். டிக்கெட் மெஷின் மாதிரியான கியோஸ்க்குகளுக்கும் இதே விதிதான்.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. இரண்டுக்குமே நீங்க சீக்கிரம் நகரணும். கேம் மெஷின் நேரம் ஆக ஆக கஷ்டத்தைக் கூட்டி உங்களைத் தோற்கடிக்கும், அடுத்த காசு விழணுமே! கியோஸ்க் வேலையை முடித்து அனுப்பப் பார்க்கும்.

தோத்தா என்ன ஆகும்?

கேமில் தோத்தா சிரிச்சுட்டுப் போயிடலாம். ஆனா, போற ஊரின் பெயரை ஒரு பெரியவர் தேடுறதுக்குள்ள, நேரம் முடிஞ்சு திரை முதல் பக்கத்துக்கே திரும்பிட்டா? பின்னால் வரிசை, பிளாட்பாரத்தில் ரயில். டிக்கெட் மெஷின் பக்கத்தில் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்கள் உதவிக்கு நிற்பதைப் பார்த்திருப்பீங்க. ஆள் வேண்டாம்னு வந்த மெஷினுக்கு ஒரு ஆள்!

பார்வையற்றவர்களுக்குச் சிக்கல் இன்னும் பெரிசு. கேம் மெஷினில் பட்டனும் கைப்பிடியும் கையில் தட்டுப்படும். வழுவழு கண்ணாடித் திரையில் எது எங்கே இருக்குன்னு எப்படித் தெரியும்? கேமை வேண்டாம்னு விட்டுடலாம். கவுண்டரை மூடிட்டு கியோஸ்க் மட்டும் வெச்சா, டிக்கெட்டுக்கோ டோக்கனுக்கோ பக்கத்தில் நிற்பவரைத்தான் கேட்கணும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. 2014 ஜூலை 1 முதல் புதிதாக வைக்கும் ஏடிஎம்கள் எல்லாம் பேசும் வசதியோடும் பிரெய்ல் விசைகளோடும் இருக்கணும்னு வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி சொன்னது. அடுத்த முறை ஏடிஎம் போனா 5-ம் எண் பட்டனைத் தடவிப் பாருங்க, பெரும்பாலும் ஒரு சின்னப் புள்ளி விரலில் தட்டுப்படும். மற்ற எண்களைக் கண்டுபிடிக்க அது போதும்.