செவிலியர் கல்லூரி, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் செவிலியர் கல்லூரி தமிழ்நாட்டின் வேலூர் நகரில் அமைந்துள்ள உயர்கல்வி நிலையம் ஆகும். 1909 ஆம் ஆண்டு ஒரு மருத்துவமனையின் பயிற்சிப் பள்ளியாகத் தொடங்கிய இது, 1946 ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து செவிலியப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. அதே ஆண்டில் தில்லியிலும் செவிலியர் கல்லூரி ஒன்று நிறுவப்பட்டது. இந்தியாவில் செவிலியம் ஒரு பல்கலைக்கழகப் பாடமாக முதன்முதலில் கற்பிக்கப்பட்டது இவ்விரு இடங்களிலேயே ஆகும். வகுப்பறையில் கற்பிக்கும் ஆசிரியரே நோயாளர் கூடத்தின் செவிலியப் பொறுப்பையும் ஏற்பது வேலூர்க் கல்லூரியின் தனித்தன்மை.

சொல்

சங்க இலக்கியத்தில் செவிலி என்பது தலைவியை வளர்க்கும் வளர்ப்புத்தாயைக் குறிக்கும் சொல். பிற்காலத்தில் நோயாளரைப் பேணும் தொழிலுக்கு இச்சொல்லே தமிழகத்தில் நிலைபெற்றது. பேச்சு வழக்கில் நர்ஸ் என்பதே மிகுதி. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர் தாதி, தாதியர் என வழங்குவர். பி.எஸ்சி. நர்சிங் எனப் பரவலாக அறியப்படும் பட்டம் தமிழில் இளமறிவியல் செவிலியம் எனப்படுகிறது.

பின்னணி

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871 ஆம் ஆண்டு செவிலியர் பயிற்சி தொடங்கப்பட்டது. இந்தியாவின் தொடக்ககாலச் செவிலியர் பயிற்சிகளுள் இது குறிப்பிடத்தக்கது. எனினும் அக்காலத்தில் பெண்கள் ஆண் மருத்துவரிடம் செல்லத் தயங்கினர், குடும்பத்தாரும் அனுமதிப்பதில்லை. இதனால் பேறுகாலத்தில் பலர் மருத்துவ உதவியின்றி இறந்தனர்.

இந்நிலையில் திருச்சபைகளின் சார்பில் பெண் மருத்துவர்கள் சென்னை மாகாணத்துக்கு வரலாயினர். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மருத்துவர் மடில்டா மக்ஃபெயில் 1888 ஆம் ஆண்டு சென்னைக்கு வந்து பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சிகிச்சை அளிக்கத் தொடங்கினார். அவரது பணியின் தொடர்ச்சியாக வடசென்னையின் இராயபுரத்தில் உருவானதே ரெய்னி மருத்துவமனை. துறைமுகத்தை அடுத்த உழைப்பாளர் குடியிருப்புகளுக்கும் மீனவர் குப்பங்களுக்கும் இது அண்மையில் இருந்தது. பின்னர் இது தென்னிந்தியத் திருச்சபையின் மருத்துவமனையாயிற்று.

வேலூரின் கதையும் இதே காரணத்திலிருந்து தொடங்குகிறது. இராணிப்பேட்டையில் 1870 ஆம் ஆண்டு பிறந்த ஐடா சோபியா ஸ்கடர், அமெரிக்க மருத்துவ ஊழியர் குடும்பத்தைச் சேர்ந்தவர். திண்டிவனத்தில் பெற்றோருடன் இருந்தபோது, ஆண் மருத்துவர் பார்க்கக்கூடாது என்று குடும்பத்தார் மறுத்ததால் ஒரே இரவில் மூன்று இளம்பெண்கள் பேறுகாலத்தில் இறந்ததை அவர் அறிந்தார். மருத்துவம் பயில அவரைத் தூண்டியது அந்நிகழ்வே. 1899 ஆம் ஆண்டு கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றுத் திரும்பிய அவர், 1900 ஆம் ஆண்டு ஒற்றைப் படுக்கையுடன் வேலூரில் சிகிச்சையைத் தொடங்கினார். 1902 ஆம் ஆண்டு 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது.

பயிற்சிப் பள்ளி

மருத்துவர் ஒருவர் அறுவை செய்துவிட்டுச் சென்ற பின்னர் இரவு முழுவதும் நோயாளியைக் கவனிப்பவர் செவிலியரே. பயிற்சி பெற்ற செவிலியர் இல்லாமல் மருத்துவமனை வளர இயலாது என்பதால், 1909 ஆம் ஆண்டு டீலியா ஹௌட்டன் என்னும் செவிலியரின் பொறுப்பில் வேலூரில் பயிற்சி தொடங்கியது. பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918 ஆம் ஆண்டே தொடங்கப்பட்டது. அதாவது வேலூரில் மருத்துவக் கல்விக்கு முன்னரே செவிலியக் கல்வி வந்துவிட்டது.

அக்காலத்தில் மாணவியரைச் சேர்ப்பது எளிதாக இருக்கவில்லை. பிறர் உடலையும் கழிவையும் தொடுவது தீட்டாகக் கருதப்பட்டது. இரவுப் பணியும் அயலாரான ஆண்களுக்குப் பணிவிடை செய்வதும் குடும்பப் பெண்ணுக்கு ஏற்றவை அல்ல என்ற எண்ணம் நிலவியது. ஆகவே திருச்சபைப் பள்ளிகளில் பயின்ற பெண்களே தொடக்கத்தில் பெரும்பாலும் இத்தொழிலுக்கு வந்தனர். செவிலியருக்குக் கிடைத்த ஊதியமும் மதிப்பும் குறைவாகவே இருந்தன.

பட்டப்படிப்பின் தொடக்கம்

செவிலியர் கல்வி உலகின் பல பகுதிகளிலும் நெடுங்காலம் மருத்துவமனைக்குள்ளேயே நிகழ்ந்தது. புளோரன்ஸ் நைட்டிங்கேல் 1860 ஆம் ஆண்டு இலண்டன் புனித தோமையார் மருத்துவமனையில் நிறுவிய பள்ளியே பலருக்கு முன்மாதிரி. இம்முறையில் மாணவியர் மருத்துவமனையின் வேலையாட்களாகவும் இருந்தனர். வேலை மிகும்போது பாடம் நின்றுவிடும். பல்கலைக்கழகம் சார்ந்த செவிலியக் கல்வி அமெரிக்காவின் மினசோட்டாவில் 1909 ஆம் ஆண்டு தொடங்கியது.

இந்தியாவில் இம்மாற்றம் விடுதலையை ஒட்டி நிகழ்ந்தது. சர் ஜோசப் போர் தலைமையிலான குழு 1946 ஆம் ஆண்டு அளித்த அறிக்கையின்படி, அப்போது நாட்டில் பதிவு பெற்ற செவிலியர் ஏறத்தாழ 7,000 பேரே இருந்தனர். சுமார் 43,000 மக்களுக்கு ஒரு செவிலியர் என்ற நிலை. எண்ணிக்கையை உயர்த்த வேண்டுமாயின் கற்பிப்பவர்களும் நிர்வகிப்பவர்களும் முதலில் தேவை. பட்டப்படிப்பையும் அக்குழு பரிந்துரைத்தது.

வேலூர் மருத்துவப் பள்ளி 1942 ஆம் ஆண்டு பட்டம் அளிக்கும் கல்லூரியாக உயர்ந்திருந்தது. 1946 ஆம் ஆண்டு செவிலியப் பள்ளியும் கல்லூரியாயிற்று. செவிலியர் பயிற்சியின் தாயகமான பிரித்தானியாவில் முதல் செவிலியப் பட்டப்படிப்பு 1960 ஆம் ஆண்டே எடின்பரோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது என்பது ஒப்புநோக்கத்தக்கது. 1960களின் இறுதியில் வேலூரில் முதுநிலைப் பட்டப்படிப்பும் தொடங்கப்பட்டது.

படிப்புகள்

- இளமறிவியல் செவிலியம்: மேல்நிலைப் பள்ளிக் கல்வி முடித்தோருக்கான நான்காண்டுப் பட்டம்.
- பட்டயத்துக்குப் பிந்தைய இளமறிவியல்: பட்டயம் பெற்றுப் பதிவு செய்த செவிலியருக்கான ஈராண்டுப் பட்டம்.
- முதுஅறிவியல் செவிலியம்: ஈராண்டுப் பட்டம். மருத்துவ-அறுவைச் செவிலியம், குழந்தை நலம், மகப்பேறு, மனநலம், சமுதாய நலம் ஆகியவை இதன் பிரிவுகள்.
- பொதுச் செவிலியம் மற்றும் பேறுகால உதவிப் பட்டயம்.
- தீவிர சிகிச்சை, இதய-நெஞ்சக அறுவை, நரம்பியல் முதலிய துறைகளில் பதிவு பெற்ற செவிலியருக்கான சிறப்புப் பட்டயங்கள்.

பாடத்திட்டம்

இளநிலைப் படிப்பில் உடற்கூற்றியல், உடலியங்கியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், மருந்தியல், ஊட்டச்சத்தியல், உளவியல், சமூகவியல் ஆகியவை அடிப்படைப் பாடங்கள். இவற்றைத் தொடர்ந்து செவிலியத்தின் பல்வேறு பிரிவுகளும் ஆராய்ச்சி முறை, புள்ளியியல், மேலாண்மை ஆகியவையும் கற்பிக்கப்படுகின்றன. 2021 ஆம் ஆண்டு இந்திய செவிலியர் குழுமம் திருத்திய பாடத்திட்டத்தின்படி நாடு முழுவதும் இப்படிப்பு எட்டுப் பருவங்களாக அமைந்துள்ளது.

அடிப்படை அறிவியலின் தேவையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். இதய நோயாளிக்கு டிகாக்சின் மாத்திரை கொடுக்குமுன் செவிலியர் ஒரு நிமிடம் முழுவதும் இதயத் துடிப்பை எண்ணுவார். வயது வந்தவரின் துடிப்பு 60க்குக் கீழ் இருந்தால் மருந்தைக் கொடுக்காமல் நிறுத்தி மருத்துவருக்குத் தெரிவிப்பார். இம்மருந்து துடிப்பைக் குறைக்கும் என்பதையும், அளவு மிகுந்தால் நஞ்சாகும் என்பதையும் அறிந்தவரே வாந்தி, பார்வைக் குழப்பம் போன்ற பிற அறிகுறிகளையும் சேர்த்து நோக்க முடியும். அறுவைக்குப் பின் நாடித்துடிப்பு விரைந்து, தோல் குளிர்ந்து, இரத்த அழுத்தம் குறையும் நோயாளிக்கு உட்குருதிப்போக்கு இருக்கலாம் என முதலில் ஐயுற வேண்டியவரும் செவிலியரே.

கல்வியும் பணியும் இணைந்த முறை

செவிலியக் கல்வி மருத்துவமனையிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு மாறியபோது ஒரு புதிய இடர்ப்பாடு தோன்றியது. பட்டம் பெற்ற சிறந்த செவிலியர் ஆசிரியராகிக் கல்லூரிக்குச் சென்றுவிட, நோயாளியின் அருகில் அவர்களின் அறிவு பயன்படாமல் போயிற்று. கல்லூரியில் கற்பிக்கும் முறை ஒன்று, நோயாளர் கூடத்தில் நடக்கும் முறை வேறொன்று என்ற இடைவெளியை மாணவரும் எதிர்கொண்டனர்.

வேலூரில் கல்லூரியும் மருத்துவமனையின் செவிலியப் பிரிவும் ஒரே அமைப்பாக இயங்குகின்றன. துறை ஆசிரியர்கள் அத்துறைக்குரிய நோயாளர் கூடங்களின் பணித்தரத்துக்கும் பொறுப்பாவர். ஆகவே பாடத்தில் சொல்லப்பட்ட கைகழுவும் முறையோ, படுக்கைப்புண் தடுப்போ கூடத்தில் நடைபெறவில்லை எனில் அதற்கு விடையளிக்க வேண்டியவரும் ஆசிரியரே. இம்முறையில் ஆசிரியரின் பணிச்சுமை மிகுதி. ஆயினும் மாணவர் தாம் கற்றதை அதே ஆசிரியர் செய்யக் காண்கின்றனர்.

சமுதாய நலச் செவிலியம்

மாணவர் மருத்துவமனைக்கு வெளியேயும் பயிற்சி பெறுகின்றனர். கல்லூரி தனக்கெனச் சமுதாய நலத் திட்டம் ஒன்றை நடத்துகிறது. வேலூர் சுற்றுவட்டாரக் குடும்பங்களைச் சந்தித்தல், கருவுற்ற தாய்மாரைக் கண்காணித்தல், தடுப்பூசி, முதியோர் பராமரிப்பு ஆகியவை இதில் அடங்கும்.

இப்பாடத்தின் உள்ளடக்கம் நாடெங்கும் ஒன்றே எனினும் அதன் தேவை ஊருக்கு ஊர் மாறும். வேலூர்ச் சிற்றூர்களில் தாய்-சேய் நலம் முதன்மையாக இருக்கலாம். இராயபுரம் முதல் திருவொற்றியூர், எண்ணூர் வரையுள்ள வடசென்னைப் பகுதியில் துறைமுகம், அனல்மின் நிலையங்கள், உரத் தொழிற்சாலை, அண்மையிலுள்ள மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஆகியவற்றுக்கு இடையே மக்கள் நெருக்கமாக வாழ்கின்றனர். 2023 டிசம்பரில் எண்ணூர் கடற்பகுதிக் குழாயிலிருந்து அம்மோனியா வளி கசிந்தபோது நள்ளிரவில் மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினர். கண் எரிச்சலாலும் மூச்சுத்திணறலாலும் பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். இத்தகைய பகுதியில் பணிபுரியும் செவிலியர் சுவாச நோய்களையும் தொழில்சார் நோய்களையும் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

சேர்க்கையும் பணிக்கடமையும்

நாட்டளவில் இளநிலைப் பட்டத்துக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் ஆகிய பாடங்களுடன் மேல்நிலைத் தேர்ச்சியும் 17 வயது நிறைவும் வேண்டும். கிறித்தவச் சிறுபான்மை நிறுவனமான இக்கல்லூரியில் கணிசமான இடங்கள் திருச்சபை அமைப்புகளின் பரிந்துரை பெற்றவர்களுக்கு உரியவை. அவ்வாறு சேர்பவர்கள் படிப்பு முடிந்தபின் குறிப்பிட்ட காலம் அவ்வமைப்புகளின் மருத்துவமனைகளில் பணியாற்றக் கடமைப்பட்டவர்கள். பயிற்சி பெற்ற செவிலியர் எளிதில் செல்லாத சிற்றூர் மருத்துவமனைகளும் இதனால் பயன்பெறுகின்றன.

பட்டமும் பதிவும்

இக்கல்லூரி ஒரு பல்கலைக்கழகம் அன்று. கோவை காருண்யா, பெங்களூரு கிறைஸ்ட் போன்ற கிறித்தவ நிறுவனங்கள் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களாகத் தாமே பட்டம் வழங்க, வேலூர் மாணவர் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பட்டத்தைப் பெறுகின்றனர். 1988 ஆம் ஆண்டு இப்பல்கலைக்கழகம் செயல்படத் தொடங்குமுன் சென்னைப் பல்கலைக்கழகம் பட்டம் வழங்கியது.

பட்டம் மட்டும் பணிபுரியும் உரிமையைத் தருவதில்லை. மாநிலச் செவிலியர் குழுமத்தில் பதிவு செய்தல் கட்டாயம். தமிழகத்தில் இப்பதிவு முறை 1926 ஆம் ஆண்டின் சென்னைச் சட்டத்திலிருந்து வருகிறது. நாடு முழுவதற்குமான இந்திய செவிலியர் குழுமம் 1947 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது. இதற்கு மாற்றாகத் தேசிய ஆணையம் ஒன்றை அமைக்க 2023 ஆம் ஆண்டு சட்டம் இயற்றப்பட்டது.

இன்றைய சிக்கல்கள்

உலக நலவாழ்வு அமைப்பு 2020 ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை உலகில் 59 லட்சம் செவிலியர் பற்றாக்குறை உள்ளதாகக் கூறியது. இதனால் இந்தியச் செவிலியருக்கு வளைகுடா நாடுகளிலும் பிரித்தானியா, அயர்லாந்து முதலிய நாடுகளிலும் வாய்ப்புகள் பெருகின. பட்டப்படிப்பு இவ்வாய்ப்பை எளிதாக்குகிறது. குடும்பங்களுக்கு இதனால் வருவாய் கிடைக்கிறது. உள்ளூர் மருத்துவமனைகளோ அனுபவம் மிக்கவர்களை இழக்கின்றன. தனியார் மருத்துவமனைகளில் நிலவும் குறைந்த ஊதியம் இப்பெயர்வுக்கு ஒரு முக்கிய காரணம்.

மற்றொன்று, நோயாளர் எண்ணிக்கைக்கு ஏற்பச் செவிலியர் இல்லாமை. ஒருவர் அளவுக்கு மீறிய படுக்கைகளைக் கவனிக்கும்போது, எத்தனை ஆண்டுகள் பயின்றிருந்தாலும் நாடியை ஒரு நிமிடம் முழுவதும் எண்ண அவருக்கு நேரம் கிடைப்பதில்லை. பட்டப்படிப்பின் பயன் வகுப்பறையோடு முடிவதில்லை; நோயாளர் கூடத்தில் எத்தனை பேர் பணியில் உள்ளனர் என்பதையும் பொறுத்துள்ளது.

இவற்றையும் பார்க்க

- ஐடா சோபியா ஸ்கடர்
- கிறித்தவ மருத்துவக் கல்லூரி, வேலூர்
- புளோரன்ஸ் நைட்டிங்கேல்
- தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம்
- ரெய்னி மருத்துவமனை, இராயபுரம்