அறுவைக் கத்தியும் அடைத்த கதவும்

'ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்' என்பது பழமொழி. 'ஆயிரம் வேரைக் கண்டவன்' என்பதே மூலம் என்பாரும் உளர். எப்படிக் கொண்டாலும், மருத்துவம் வயதாலும் பழக்கத்தாலும் கனிவது என்பதே அதன் கருத்து. பழமொழியில் வைத்தியன் ஆண்பாலாகவே நிற்பதும் கவனிக்கத்தக்கது. 'மருத்துவச்சி' என்ற சொல் நம்மிடம் இருந்தது. அது பேறுகாலம் பார்ப்பவளோடு நின்றுவிட்டது.

மருத்துவன் ஆணாகவே இருக்க வேண்டும். ஆனால் அயல் ஆண் குலப்பெண்ணைத் தொடலாகாது. இவ்விரு விதிகளையும் ஒருசேரப் போற்றிய சமூகத்தில், பேறு சிக்கலான பெண்ணின் கதி என்ன?

விடை திண்டிவனத்தில் கிடைத்தது. அன்று அவ்வூரும் எங்கள் திருவண்ணாமலையும் தென் ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்தவை. 1890களில், நோயுற்ற தாயைப் பார்க்க அமெரிக்காவிலிருந்து வந்திருந்தார் இளம்பெண் ஐடா ஸ்கடர். ஒரே இரவில் மூவர், ஒருவர் பின் ஒருவராக, அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். பிராமணர் ஒருவர், இஸ்லாமியர் ஒருவர், மற்றொரு சாதி இந்து ஒருவர். மூவரின் மனைவியரும் பேறுகால வேதனையில் இருந்தனர். ஐடாவின் தந்தை ஜான் ஸ்கடர் அனுபவம் மிக்க மருத்துவர். அதே வீட்டில் இருந்தார். ஆனால் அவர் ஆண் என்பதால் மூவருமே அவரை ஏற்கவில்லை. மருத்துவம் அறியாத ஐடாவால் போக முடியவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர்.

ஐடா அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்றார். 1900இல் வேலூர் வந்தபோது வயது 29. அவ்வாண்டே தந்தை இறந்தார். முதல் அறுவைச் சிகிச்சையின்போது உடன் நின்றவர் பயிற்சி பெற்ற செவிலி அல்லர். வீட்டுப் பணியாளரின் மனைவி. 1902இல் மருத்துவமனை எழுந்தது. 1918இல் அவர் தொடங்கிய பெண்கள் மருத்துவப் பள்ளியே இன்றைய கிறித்துவ மருத்துவக் கல்லூரி. அதில் ஆண்கள் சேர்க்கப்பட்டது 1947இல்தான். இதற்கிடையே 1912இல் புதுக்கோட்டை முத்துலட்சுமி சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றிருந்தார்.

நூறாண்டுக்குப் பின் இதே கேள்வி எண்களாகத் திரும்பி வந்தது. அறுவைக்கு உட்பட்ட அமெரிக்க முதியோரைப் பற்றிய ஆய்வொன்று 2018இல் வெளியானது. நாற்பதுக்குக் குறைந்த வயதுடைய அறுவை மருத்துவர்களிடம் இறப்பு 6.6 விழுக்காடு, அறுபதைக் கடந்தவர்களிடம் 6.3. பழமொழி முற்றிலும் பொய்யில்லை. ஆண், பெண் மருத்துவர்களிடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு தென்படவில்லை. ஆனால் கனடாவின் ஒன்டாரியோவில் 13 லட்சம் நோயாளிகளை ஆராய்ந்து 2022இல் வெளிவந்த ஆய்வு வேறொன்றைச் சொன்னது. ஆண் மருத்துவரிடம் அறுவை செய்துகொண்ட பெண்களுக்கு, பெண் மருத்துவரிடம் செய்துகொண்டவர்களைவிடச் சிக்கல்களும் இறப்பும் சற்று மிகுதி. ஆண் நோயாளிகளிடம் அத்தகைய வேறுபாடு இல்லை. காரணம் கை நேர்த்தி மட்டுமாக இருந்தால், இந்த வேறுபாடு இருபாலரிடமும் தெரிந்திருக்க வேண்டும். வலியைச் சொல்வதும் சொன்னதைக் கேட்பதும் இதில் கலந்திருக்கக்கூடும் என்று கருத இடமிருக்கிறது.

மருத்துவரின் வயது தரும் வேறுபாடு ஆயிரத்துக்கு மூன்று உயிர். அது சிறிதன்று. ஆனால் திண்டிவனத்தில் அன்றிரவு இழந்தது மூவரில் மூவரை. மருத்துவரின் திறனை அளப்பதற்கு முன், நோயாளி அவரிடம் வந்து சேர்ந்தாக வேண்டும். வேலூரில் ஐடா முதலில் திறந்தது அந்தக் கதவைத்தான்.