காலமானது: செங்கோட்டை பாசஞ்சர் சினேகம்

விருதுநகரில் புறப்பட்டு, திருத்தங்கல், சிவகாசி, திருவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில், தென்காசி வழியாகச் செங்கோட்டைக்கு ஓடிய மீட்டர் கேஜ் பாசஞ்சரில் முக்கால் நூற்றாண்டு வாழ்ந்த ரயில் சினேகம் காலமாகிவிட்டது. பிறந்தது 1927இல், விருதுநகர்–தென்காசிப் பாதை திறந்தபோது. இறந்த நாளை யாரும் குறித்து வைக்கவில்லை.

விருதுநகருக்கு, அன்றைய விருதுபட்டிக்கு, 1876லேயே ரயில் வந்துவிட்டது. சிவகாசிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா போனபோது சொந்த ஊரில் ரயில் ஏற வழியில்லை. அவர்கள் திரும்பிவந்து தொழிலைத் தொடங்கிய பிறகுதான் தண்டவாளம் வந்தது. பின்னாலேயே பட்டாசும் லித்தோ அச்சும் வளர்ந்தன. தரகர், வசூல்காரர், ஆர்டர் பிடிக்கிறவர் என்று அந்தத் தொழில்களின் கால்கள் எல்லாம் இந்த வண்டியில்தான் ஏறி இறங்கின. கொல்லம் மெயிலும் இதே பாதையில் போனது. ஆனால் மெயிலில் வருகிறவர்களிடம் கொஞ்சம் எழும்பூர் மிதப்பு இருக்கும். பாசஞ்சரில் அது கிடையாது.

ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பம் வெளியாகும். அப்புறம் சில மாதத்துக்குப் பெட்டியில் யாராவது ஒரு ஏஜென்ட் அந்தக் கனத்த ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு வருவார். “அண்ணாச்சி, பாத்துட்டுத் தரட்டுமா?” என்று எதிர் சீட்டிலிருந்து குரல் வரும். அவ்வளவுதான், ஆல்பம் கைமாறிக் கைமாறிப் போகும். முருகன், லட்சுமி, பூனைக்குட்டியோடு சிரிக்கும் குழந்தை, யாரும் பார்த்திராத பனிமலை. ஜவுளிக்கடைக்காரர் நம்பரைக் குறித்துக்கொள்வார். “இந்த சரசுவதி முகத்துல களையே இல்ல, போன வருசம் போட்டதுதான் லட்சணம்” என்று வெற்றிலை மடித்தபடி ஒரு ஆச்சி தீர்ப்பு சொல்வார். ஏஜென்ட் கோபித்துக்கொள்ள மாட்டார், காதில் வாங்கி வைத்துக்கொள்வார். எந்தப் படம் ஓடும் என்பது பல சமயம் ராஜபாளையம் வருவதற்குள் அவருக்குத் தெரிந்துவிடும்.

இந்தச் சினேகத்துக்குக் காரணம் மனிதர்களின் நல்ல மனசு மட்டுமல்ல. ஒரு மீட்டர் அகலப் பாதையில் ஓடும் பெட்டியில் எதிரெதிரே உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். இடித்த பிறகு பேசாமல் வருவது கஷ்டம். அதோடு ஒற்றைப் பாதை. “கிராசிங்குக்குப் போட்டுட்டான்” என்று யாராவது அலுத்துக்கொண்டால், எதிர் வண்டி வரும்வரை பேசுவதைத் தவிர வேறு வேலை இல்லை. சாரல் சீசனில் குற்றாலத்தில் குளித்துவிட்டு வருகிறவர்கள் ஈரத்துண்டை ஜன்னல் கம்பியில் கட்டிக் காயப்போடுவார்கள். அது யார் முகத்தில் அடிக்கிறதோ அவரோடு முதலில் சண்டை, பிறகு சம்பந்தம் பேசுகிற அளவுக்கு நெருக்கம். திருவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கியவர் அதைத் தனியாகத் தின்றதாகச் சரித்திரம் இல்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம் சிவகாசியில் ஏறும் பைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரயிலில் பட்டாசு கொண்டுபோகக் கூடாது. 1989ஆம் வருஷத்து ரயில்வே சட்டத்தின் 164ஆம் பிரிவுப்படி 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மேலே முறுக்கு, அடியில் சரவெடி. “இது யார் பை?” என்று டி.டி.ஆர். கேட்டால் மொத்தப் பெட்டியும் ஜன்னலுக்கு வெளியே பார்க்கும். சிரித்துக்கொண்டே சொல்லும் கதைதான். ஆனால் சீட்டுக்கு அடியில் சரவெடியும் சீட்டின்மேல் பீடியுமாகப் போனதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

பெரிய குறை வேறு. முதல் கேள்வி “எந்த ஊரு?” அடுத்தது “அங்க எந்தத் தெரு?” மூன்றாவது “அப்ப இன்னாருக்கு நீங்க என்ன வேணும்?” மூன்றுக்கும் பதில் வந்தால் சாதி தெரிந்துவிடும். அதன் பிறகு சிலர் பக்கம் புளியோதரைப் பொட்டலம் நீளாது. தெருப் பெயரைச் சொல்ல மனமில்லாமல் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டவர்களும் அதே பெட்டியில்தான் வந்தார்கள். இழவு வீட்டில் இறந்தவரின் குறையைப் பேசக் கூடாது என்பார்கள். இதைச் சொல்லாவிட்டால் மேலே சொன்ன பால்கோவாவும் பொய்யாகிவிடும்.

செல்போன்தான் கொன்றது என்று பழி போடுகிறார்கள். அது வருமுன்பே உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தது. அகலப் பாதைக்காகத் தண்டவாளத்தைப் பெயர்த்துப் போட்டிருந்த காலத்தில் ஜனங்கள் பஸ்ஸுக்குப் பழகிவிட்டார்கள். பஸ்ஸில் எல்லோரும் முன்னால் இருப்பவரின் பிடரியைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும். 2004இல் அகலப் பாதையில் வந்த பொதிகை எக்ஸ்பிரஸ் ராத்திரி வண்டி, ஏறியதும் படுக்கை. “லோயர் பெர்த் மாத்திக்கிறீங்களா சார்?” என்பதோடு பேச்சு முடிந்தது. அண்ணாச்சி, சார் ஆகிவிட்டார். செங்கோட்டைக்கு மேற்கே புனலூர் மலைப்பாதையில் மட்டும் மீட்டர் கேஜ் 2010 செப்டம்பர் வரை ஓடியது. 2018 ஜூனில் அங்கும் அகலப் பாதை திறந்தது.

வேகம், படுக்கை வசதி: கிடைத்தவை குறைவில்லை. மருத்துவத்துக்குப் போகிற குடும்பத்துக்கு வண்டி சீக்கிரம் போவதுதான் முக்கியம், பேச்சுத்துணை அல்ல.

பகல் வண்டி இன்றும் உண்டு. சீசன் டிக்கெட்காரர்கள் சேர்ந்தே உட்காருகிறார்கள். அவர்கள் ஏற்கெனவே தெரிந்தவர்கள். தெரியாதவர் நீட்டும் தின்பண்டத்தை வாங்கிச் சாப்பிட வேண்டாம் என்று ரயில்வே எச்சரிக்கிறது. பிஸ்கட்டில் மயக்க மருந்து கலந்து கொடுத்து நகையைக் கழற்றிக்கொண்டு போனவர்கள் இருக்கிறார்கள். அதனால் பால்கோவாவைப் பிரிக்கிறவர் அரை வட்டம் திரும்பி ஜன்னல் பக்கமாகச் சாப்பிடுகிறார்; எதிரே இருப்பவரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.