ஆறு புள்ளிகளின் கதை: யார் விரல், யார் முடிவு?

1/
சில வருடங்களுக்கு முன் ஒரு அம்மா தன் மகளை என் ஓபிக்குக் கூட்டிட்டு வந்தாங்க. ஆறாம் வகுப்புப் பிள்ளை. ரெடினைட்டிஸ் பிக்மென்டோசா. விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழக்கும் மரபணு நோய். கண் மருத்துவர்கள் பார்த்து முடித்த ஃபைல் கையில் இருந்தது. "இதை நிறுத்த இப்போதைக்கு மருந்து இல்லம்மா" என்று அவர்கள் சொன்னதையே நானும் சொன்னேன். அந்த அம்மா அழவில்லை. "சரிங்க டாக்டர். இவ படிப்பு?" என்று மட்டும் கேட்டாங்க.

2/
என்கிட்ட பதில் இல்லை. பார்வை போவதற்கான காரணங்களை வரிசையாக ஒப்பிக்க எனக்கு மருத்துவக் கல்லூரி சொல்லிக்கொடுத்திருந்தது. பார்வை போன பிள்ளை மறுநாள் காலை எப்படிப் பாடம் படிக்கும் என்பதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. நானும் கேட்டதில்லை. அதற்கப்புறம் தேடிப் படித்ததைத்தான் இன்று எழுதுறேன். கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா வாசிங்க.

3/
1771, பாரிஸ். ஒரு சந்தையில் பார்வையற்றவர்களுக்குக் கோமாளி உடை மாட்டி, இசைக் கருவிகளைக் கையில் கொடுத்து, கூட்டம் சிரிக்க வேடிக்கை காட்டினார்கள். அதைப் பார்த்து மனம் வெந்துபோனவர் வாலன்டின் ஹாய். 1784இல், பிச்சை எடுத்துக்கொண்டிருந்த பிரான்சுவா லெசுயர் என்ற பார்வையற்ற இளைஞனுக்குப் படிக்கக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். அங்கிருந்து வளர்ந்ததுதான் பார்வையற்ற பிள்ளைகளுக்கான உலகின் முதல் பள்ளி.

4/
ஹாய் கண்ட வழி எளிமையானது. ஈரமான தடித்த காகிதத்தைப் பெரிய அச்செழுத்துகள் மேல் வைத்து அழுத்தினால், எழுத்து மேடாக எழும்பி நிற்கும். விரலால் தடவிப் படிக்கலாம். இது பெரிய விஷயம், சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. அது நாம் கண்ணால் படிக்கும் அதே எழுத்து. விரல் ஒவ்வொரு வளைவையும் தடவித் தடவி, இது எந்த எழுத்து என்று யூகிக்க வேண்டும். புத்தகம் பெருசு, கனம். இதைவிட முக்கியமானது, அந்தப் பிள்ளைகளால் அதில் எதையும் *எழுத* முடியாது.

5/
பாரிஸிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் கூவ்ரே என்ற கிராமம். குதிரைச் சேணம் தைக்கும் குடும்பத்தில் 1809 ஜனவரி 4 அன்று பிறந்தவர் லூயி பிரெயில். மூன்று வயதில் அப்பாவின் பட்டறையில் தோல் தைக்கும் குத்தூசியை எடுத்து விளையாடினான். ஊசி ஒரு கண்ணில் பாய்ந்தது. ஐந்து வயதுக்குள் இரண்டு கண்ணுமே போய்விட்டது.

6/
"குத்தினது ஒரு கண்ணுலதானே, இன்னொன்னு எப்படிப் போச்சு?"ன்னு கேப்பீங்க. 'சிம்பதெட்டிக் ஆஃப்தால்மியா' என்று ஒன்று உண்டு. குத்துக்காயத்தில் கண்ணுக்குள்ளே இருக்கும் புரதங்கள் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் பார்வைக்கு வந்துவிடும். அது அவற்றை எதிரி என்று நினைத்து, நல்ல கண்ணையும் சேர்த்துத் தாக்கும். அந்தக் காலத்தில் ஸ்டீராய்டும் இல்லை, ஆன்டிபயாடிக்கும் இல்லை. இருநூறு வருடம் கழித்து பிரெயிலுக்கு இதுதான் நடந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் கதை பொருந்துகிறது.

(நடுவில் ஒன்று: பிள்ளையின் கண்ணில் கூரான எதுவும் குத்தினால் தேய்க்காதீங்க, அழுத்தாதீங்க, குத்தி நிற்பதைப் பிடுங்காதீங்க. உடனே கண் மருத்துவர்கிட்ட ஓடுங்க.)

7/
1819இல், பத்து வயதில், ஹாய் தொடங்கிய அந்தப் பள்ளியில் சேர்ந்தான் லூயி. 1821இல் சார்லஸ் பார்பியே என்ற முன்னாள் பீரங்கிப்படை அதிகாரி அங்கே ஒரு புது முறையைக் கொண்டுவந்தார். கோடுகளுக்குப் பதில் புள்ளிகள். ஒரு குறிக்குப் பன்னிரண்டு புள்ளிகள் வரை. விரலுக்குக் கோட்டைவிடப் புள்ளி சட்டென்று புரிகிறது என்பது பிள்ளைகளுக்கு உடனே தெரிந்துவிட்டது. ஸ்லேட்டும் ஊசியும் இருந்தால் தாங்களே எழுதவும் முடிந்தது.

8/
ஆனால் பார்பியேவுக்குக் கண் தெரியும். பன்னிரண்டு புள்ளி விரல் நுனியில் அடங்காது, விரலை மேலும் கீழும் நகர்த்த வேண்டும் என்பது அவருக்கு உறைக்கவில்லை. அந்த முறை ஒலிகளை மட்டும்தான் குறித்தது. எழுத்துக்கூட்டல் கிடையாது, நிறுத்தற்குறி கிடையாது. ஏதோ செய்தி சொல்லிக்கொள்ளப் போதும், இலக்கணமும் கணக்கும் படிக்கப் போதாது. லூயி உட்கார்ந்து அதைப் பிரித்து மேய்ந்தான். 1824இல், பதினைந்து வயதில், ஆறு புள்ளிக்குக் கொண்டுவந்தான். 1829இல் புத்தகமாக வெளியிட்டார். எழுத்து, எண், இசைக்குறிப்பு எல்லாம் அதற்குள் அடங்கியது.

9/
ஏன் ஆறு? இங்கேதான் எனக்கு மருத்துவராகப் புல்லரிக்கிறது. நம் விரல் நுனி, இரண்டு முதல் மூன்று மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரு முனைகளை இரண்டாகப் பிரித்து உணரும். அதே சோதனையை முன்கையில் செய்தால் கிட்டத்தட்ட நாலு சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். பிரெயில் புள்ளிகளின் இடைவெளி சுமார் இரண்டரை மில்லிமீட்டர். ஆறு புள்ளியும் ஒரே தொடுதலில் விரல் நுனிக்குள் அடங்கும். 63 விதமான வடிவங்கள் கிடைக்கும். நரம்பியல் பாடப்புத்தகம் எதுவும் இல்லாமல் இந்த அளவைப் பிடித்தது ஒரு பதினைந்து வயதுப் பையனின் விரல்.

10/
சரி, உலகம் கொண்டாடியதா? இல்லைங்க. 1840இல் பள்ளித் தலைமைக்கு வந்த துஃபோ, பிரெயில் முறையைத் தடை செய்தார். பார்வையுள்ளவர்களுக்குப் புரியாத எழுத்தைப் படித்தால் பார்வையற்றவர்கள் சமூகத்திலிருந்து தனித்துப் போவார்கள் என்பது அந்தக் காலத்து வாதம். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தப் பிள்ளைகளை யாரும் கேட்கவில்லை. அவர்கள் ஒளித்து வைத்து எழுதிக்கொண்டார்கள். 1844இல் புதுக் கட்டடத் திறப்பு விழாவில், துணைத் தலைவர் குவாதே முயற்சியில், எல்லார் முன்னாலும் பிரெயில் எழுதி வாசித்துக் காட்டப்பட்ட பிறகுதான் தடை தளர்ந்தது.

11/
லூயி பிரெயில் 1852 ஜனவரி 6 அன்று காசநோயில் இறந்தார். வயது 43. பிரான்ஸ் அவர் முறையை அதிகாரபூர்வமாக ஏற்றது 1854இல். கண்டுபிடித்து முப்பது வருடம் கழித்து. அவர் இறந்து இரண்டு வருடம் கழித்து. அந்த முப்பது வருடத்தில் எத்தனை பிள்ளைகள் வளைந்த எழுத்தைத் தடவித் தடவியே பள்ளிக்கூடத்தை முடித்திருப்பார்கள்!

12/
இங்கிலாந்தில் நடந்தது இன்னும் சுவாரசியம். அங்கே போட்டி போட்டுக்கொண்டு பல புடைப்பெழுத்து முறைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு அமைப்பு, ஒரு புரவலர். ஒரு முறையில் படித்தவரால் அடுத்த முறைப் புத்தகத்தைத் தொட முடியாது. அப்போது வந்தவர் தாமஸ் ரோட்ஸ் ஆர்மிடேஜ். லண்டன் மருத்துவர். பார்வை மங்கியதால் முப்பதுகளிலேயே தொழிலை விட்டவர்.

13/
1868இல் ஆர்மிடேஜ் சில பார்வையற்ற நண்பர்களோடு ஒரு குழு அமைத்தார். எந்த முறை சிறந்தது என்று முடிவு செய்யத்தான் குழு. அதற்கு ஒரு விதி வைத்தார்: விரலால் படிக்க வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் இங்கே இடம். எந்த முறையிலும் பண லாபம் உள்ளவர்களுக்கு இடமில்லை. அவ்வளவுதான். எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார்கள், 1870இல் பிரெயிலைத் தேர்ந்தெடுத்தார்கள். இன்று ஆர்என்ஐபி என்று அறியப்படும் பெரிய அமைப்பின் தொடக்கம் அது. பல வருடம் அறிஞர்கள் அடித்துக்கொண்டதை, விரல் இரண்டே வருடத்தில் தீர்த்துவிட்டது.

14/
நம் ஊருக்கு வருவோம். இந்தியாவில் பார்வையற்றோருக்கான முதல் பள்ளி 1887இல் அமிர்தசரஸில் தொடங்கியது. மூன்றே வருடத்தில், 1890இல், நம்ம பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் ஒரு பள்ளியைத் தொடங்கினார். ஆனால் இங்கேயும் அதே கதைதான். விடுதலைக்கு முன் இந்திய மொழிகளுக்குப் பல வகை பிரெயில் முறைகள். ஒருவர் அச்சடித்தது இன்னொருவருக்குப் புரியாது. 1949இல் இந்திய அரசு யுனெஸ்கோவின் உதவியைக் கேட்டது. அந்தப் பணியை முன்னின்று நடத்தியவர் கிளூத்தா மெக்கென்சி. நியூசிலாந்துக்காரர், முதல் உலகப்போரில் கலிபோலியில் கண் பார்வையை இழந்தவர். 1951இல் பாரதி பிரெயில் வந்தது. அதே ஆண்டு டேராடூனில் மத்திய பிரெயில் அச்சகமும் வந்தது.

15/
பாரதி பிரெயிலின் அடிப்படை: ஒரே ஒலி என்றால் எல்லா இந்திய மொழிகளிலும் ஒரே குறி. தமிழ் 'க'வும் இந்தி 'க'வும் ஆங்கில 'கே'யும் ஒரே இரண்டு புள்ளிகள்தான். இன்னொரு அழகு: நாம் 'கொ' எழுதும்போது கொம்பை முன்னாடியும் காலைப் பின்னாடியும் போடுவோம். பிரெயிலில் அந்த வேலையே இல்லை. முதலில் 'க', அடுத்து 'ஒ'. வாய் சொல்லும் வரிசையிலேயே விரல் படிக்கும். 247 எழுத்துக்கு 247 குறி தேவைப்படவில்லை.

16/
காகிதம் மட்டும் போதவில்லை. முதல் உலகப்போரில் பார்வை இழந்த வீரர்கள் பலருக்கு வளர்ந்த வயதில் பிரெயில் கைவரவில்லை. அவர்களுக்காக 1930களில் அமெரிக்காவும் பிரிட்டனும் 'பேசும் புத்தகம்' இசைத்தட்டுகளைக் கொண்டுவந்தன. 1976இல் ரே கர்ஸ்வைல், அச்சடித்த பக்கத்தைத் தானே வாசித்துச் சொல்லும் இயந்திரத்தை அறிமுகப்படுத்தினார். வாஷிங் மெஷின் சைஸ், தலைசுற்றும் விலை. முதலில் வாங்கியவர்களில் ஒருவர் பாடகர் ஸ்டீவி வொண்டர். பிறகு கணினித் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருள்கள் வந்தன. எல்லாமே காசு. 2006இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கர்ரன், தானும் பார்வையற்றவர், 'என்விடிஏ' என்ற இலவச மென்பொருளை எழுத ஆரம்பித்தார். இன்று யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். தமிழும் வாசிக்கும்.

17/
"அப்ப பிரெயில் இனி எதுக்கு, போன் பேசுதே?"ன்னு கேக்கறவங்களுக்கு ஒன்று. கேட்பது வேறு, எழுத்துக்கூட்டிப் படிப்பது வேறு. சிறு வயதிலேயே பார்வை இழந்தவர்கள் பிரெயில் படிக்கும்போது, மூளையின் பின்பகுதியில் இருக்கும் *பார்வைப்* பகுதி வேலை செய்வதை 1996இல் சடாட்டோ குழுவினர் ஸ்கேனில் காட்டினார்கள். பிறவியிலேயே பார்வையற்ற ஒரு பெண்மணிக்கு அந்தப் பகுதியில் இரண்டு பக்கமும் பக்கவாதம் வந்தது. விரலில் உணர்ச்சி இருந்தது, ஆனால் பிரெயில் படிக்க முடியவில்லை. 2000இல் மருத்துவ இதழில் பதிவானது இது. மூளை அந்த இடத்தைக் காலியாக விடவில்லை, வாசிப்புக்குக் கொடுத்துவிட்டது. சின்ன வயதிலேயே பிரெயில் கற்றுக்கொடுங்கள் என்பது அதனால்தான்.

18/
சட்டமும் மெதுவாக வந்தது. 2012 வரை, ஒரு பாடப்புத்தகத்தைப் பிரெயிலாகவோ ஒலியாகவோ மாற்றிக் கொடுக்கக் காப்புரிமைச் சட்டத்தில் தெளிவான விலக்கு இல்லை. 2012 திருத்தம் அதைக் கொடுத்தது. 2013இல் மராகேஷ் ஒப்பந்தம். அதை உறுதிசெய்த முதல் நாடு எது தெரியுமா? இந்தியா, 2014இல். 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள மாணவர்களுக்கு 18 வயது வரை புத்தகமும் கற்றல் பொருள்களும் உதவிக் கருவிகளும் இலவசமாகத் தர வேண்டும் என்கிறது. சலுகை இல்லைங்க, உரிமை.

19/
ஆனா பாருங்க, ஹாய் செய்த அதே தப்பை நாம் இன்றைக்கும் செய்கிறோம். கையெழுத்து நோட்ஸை போட்டோ எடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுகிறோம். பழைய புத்தகத்தை ஸ்கேன் பண்ணி பிடிஎஃப்னு அனுப்புகிறோம். யூனிகோடு இல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்கிறோம். நம் கண்ணுக்கு அது எழுத்து. வாசிக்கும் மென்பொருளுக்குப் படம் அல்லது குப்பை. அந்த மாணவருக்கு வெற்றுப் பக்கம். நானே எத்தனை வருடம் விழிப்புணர்வுப் பதிவுகளைக் கலர் படமாகப் போட்டிருக்கேன்! என் அழகுணர்ச்சிக்காக.

20/
அதனால் சின்னச் சின்ன வேண்டுகோள்:

• ஆசிரியர்களே, நோட்ஸை யூனிகோடில் தட்டச்சு செய்து அனுப்புங்க. படம் போட்டே ஆகணும்னா கீழே இரண்டு வரி விளக்கம் எழுதுங்க.

• பெற்றோர்களே, பார்வைக் குறைபாடு உறுதியானால் மருத்துவச் சான்றும் யூடிஐடி அட்டையும் வாங்கிடுங்க. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போங்க. 'சுகம்ய புஸ்தகாலயா' இணைய நூலகத்தைக் கேட்டுப் பாருங்க. சென்னையில் இருந்தால் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெயில் பிரிவு இருக்கு.

• சக மருத்துவர்களே, "ஒன்றும் செய்ய முடியாது" என்பது கண்ணைப் பற்றிய தீர்ப்பு. பிள்ளையைப் பற்றியது இல்லை. அடுத்து எங்கே போகணும் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுங்க.

• எல்லாருக்கும்: உதவி செய்வதற்கு முன், "உனக்கு எது வசதி?" என்று அந்த மாணவரிடமே கேளுங்க. பிரெயிலா, ஒலியா, பெரிய எழுத்தா, அவருக்குத்தான் தெரியும்.

21/
அந்த அம்மாவையும் மகளையும் அப்புறம் நான் பார்க்கவில்லை. கணக்குப் போட்டால் அந்தப் பிள்ளை இப்போது கல்லூரி வயது. என்னிடம் கிடைக்காத பதில் வேறு யாரிடமாவது கிடைத்திருக்கணும் என்று நினைத்துக்கொள்வேன். அடுத்து வரும் அம்மா கேட்டால் சொல்ல இப்போது என்னிடம் பதில் இருக்கு. இந்தப் பதிவையும் படமாக இல்லாமல் எழுத்தாகவே பகிருங்க.