மருதமடுக் காடும் யோசே வாஸ் அடிகளாரும்

ஒல்லாந்தர் 1658ஆம் ஆண்டில் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியபோது, வடபுலக் கத்தோலிக்கர் மேய்ப்பனற்ற மந்தையாயினர். குருமார் வெளியேற்றப்பட்டனர், அவர்க்குப் புகலிடம் அளித்தோர் கடுந்தண்டனைக்கு உள்ளாயினர். கோயில்கள் சீர்திருத்தச் சபையின் வசமாயின. பதவி நாடினோரும் முதுசம் காக்க விரும்பினோரும் அச்சபையின் தோம்பிலே பெயர் பதியவேண்டிய நிலை வந்தது. வெளியே இணங்கி, வீட்டினுள்ளே செபமாலை உருட்டினோர் பலர்.

இணங்க மறுத்தோர் சிலர் வன்னிக் காட்டை நாடினர். 1670ஆம் ஆண்டளவில் மாந்தையைச் சேர்ந்த இருபது குடும்பத்தார் தம் கோயில் மாதாவின் திருவுருவத்தைச் சுமந்து சென்று மருதமடுவிற் குடியேறினர் என்பது மரபு. வன்னிமைகள் ஒல்லாந்தருக்கு யானைத் திறை செலுத்தினவேனும், அடர்ந்த அக்காட்டினுள் அவர்தம் கை முற்றாக எட்டவில்லை.

இங்கேதான் சிக்கல் எழுகின்றது. ஊரை இழந்து விசுவாசத்தைக் காத்தவன், ஊரைக் காத்து விசுவாசத்தை மறைத்தவனை எவ்வாறு நோக்குவான்? நான்காம் நூற்றாண்டில் வட ஆபிரிக்கத் திருச்சபை, கலாபனைக் காலத்தில் தளர்ந்தோரை முன்னிட்டே தொனாத்துவின் பெயராற் பிளவுண்டது. இலங்கையில் அத்தகைய பிளவு நேராமைக்கு ஒரு மனிதரின் தாழ்மையும் காரணமாயிற்று எனலாம்.

கோவையிற் பிறந்த யோசே வாஸ் அடிகளார் 1687ஆம் ஆண்டில் கூலியாள் வேடத்துடன் இலங்கைக்கு வந்தார். (கோவை என்றது கொங்குநாட்டுக் கோயம்புத்தூரையன்று, மேலைக்கரைக் கோவாவையே.) யாழ்ப்பாணத்தை அடைந்தபோது அவர் கடும் வயிற்றுளைவால் நலிந்திருந்தார். உடல் தேறியதும் கழுத்திலே செபமாலையை அணிந்து வீடுவீடாக இரந்தார். அம்மாலையைக் கண்டு எவர் முகம் மாறிற்றோ, அவ்வீட்டிற் கத்தோலிக்கர் உண்டென உய்த்துணர்ந்தார். தவறியோரைத் திருத்த வந்தவர், முதலில் அவர்தம் வாயிலிலே பிச்சைக்காரனாக நின்றார். கண்டிப்பவன் இடத்தில் அவர் நிற்கவில்லை. சில்லாலையை நிலையமாகக் கொண்டு, இரவிலே பாவசங்கீர்த்தனம் கேட்டுப் பூசை நிறைவேற்றினார். நாணத்தால் ஒதுங்கியிருந்தவர்க்கு இருள் எத்துணை உதவியாயிருந்திருக்கும்!

குருவானவர் ஆண்டுக்கொருமுறை வருவதே அரிதாயிருந்த ஊர்களில் மூப்பரும் அண்ணாவியாரும் பொறுப்பேற்றனர். மூப்பர் சபையின் காரியங்களைக் கவனித்தார். அண்ணாவியார் செபமும் ஞானோபதேசமும் சொல்லிக்கொடுத்தார். பிழைசெய்த அயலானைத் திருத்துவதும் தளர்ந்தவனைத் தேற்றுவதும் இவ்வாறு அதே ஊரில், அதே கிணற்றில் நீரள்ளிய மனிதர் கையிலே விடப்பட்டன. அங்கியணிந்த அந்நியரின் கண்டனத்தினும் இது ஆழப் பதிந்தது.

1692ஆம் ஆண்டில் அவர் கண்டிக்குச் சென்றபோது, அரசவையிலிருந்த கல்வின் நெறியினரான பிரெஞ்சுக்காரர் ஒருவரின் சொல்லால் ஒற்றரெனச் சிறைப்பட்டார். 1697இல் அந்நகரை வைசூரி சூழ்ந்தது. உறவினராற் கைவிடப்பட்ட நோயாளரை, மதம் வினவாது, மருமகனார் யோசே கர்வாலியோ அடிகளாருடன் தம் கையாலே கழுவி உணவூட்டினார். கொச்சி ஆயரால் இலங்கையின் பதில் குருவாக நியமிக்கப்பட்ட பின்னரும் இப்பணிகளை அவர் பிறர்க்கு விட்டுக்கொடுக்கவில்லை.

1711 சனவரி 16ஆம் நாள் அவர் கண்டியிற் காலமானார். 2015 சனவரி 14ஆம் நாள் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்த பாப்பரசர் பிரான்சிசு, அன்று பிற்பகலே மருதமடுவுக்குச் சென்றார். போரில் மக்களை இழந்த தமிழரும் சிங்களவரும் அங்கே ஒரே முற்றத்திற் கூடியிருந்தனர்.