ஒரு புல்வெளி, இரு பார்வைகள்

நீலகிரியின் மேட்டுநிலத்தில், சோலை எனப்படும் குறுமரக் காடுகள் மலைமடிப்புகளில் ஒதுங்கியிருக்க, சரிவுகளை மூடிக்கிடந்த புல்வெளி, தோடர் பழங்குடியினருக்குத் தெய்வங்கள் குடியிருக்கும் சிகரங்களின் அடிவாரமாகவும், அவர்களின் பால்மடக் கோயில்களுக்குரிய புனித எருமைகளின் மேய்ச்சல் நிலமாகவும் விளங்கியது. இறந்த மனிதரின் உயிரும் எருமையின் உயிரும் முக்கூர்த்திச் சிகரத்தைக் கடந்தே மறுவுலகம் சேரும் என்று அவர்கள் நம்பியதால், பிறர் கண்ணுக்கு வெறும் மேடாகத் தெரிந்த இடமும் அவர்களுக்குப் பெயரும் கதையும் உடையதாயிருந்தது.

1819-இல் அங்கு ஏறிச்சென்ற கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவனோ அதே சரிவுகளில் ஸ்விட்சர்லாந்தின் சாயலைக் கண்டார். சமவெளியின் வெப்பத்தில் நலிந்த ஐரோப்பியருக்கு உதகமண்டலம் உடல் தேற்றும் ஊராயிற்று. அந்த ரசனை பொய்யன்று. ஆனால், மரமில்லாத நிலம் பயனற்ற தரிசு என்னும் எண்ணமும் அதனோடு சேர்ந்தே வந்தது. விறகுத் தேவையைக் காரணம் காட்டி, ஆஸ்திரேலியாவிலிருந்து தருவித்த சீகை மரமும் தைலமரமும் புல்வெளியில் நடப்பட்டன. மழைநீரை உள்வாங்கிக் கோடையிலும் ஓடைகளுக்குக் கசியவிடும் புல்லின் பணி எவர் கணக்கிலும் ஏறவில்லை. வெள்ளையர் போன பின்னும் வனத்துறை அதே கண்ணோடுதான் பல ஆண்டுகள் மரம் நட்டது. இன்று அத்துறையே சீகையை வேரோடு அகற்றிப் புல்லை மீட்க முயல்கிறது.